மூன்றரை மில்லிமீட்டர்

பிப்ரவரி 4

ரெக்கார்டு பிளேயரின் கையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனவருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. வராததை எழுதுவானேன்?

நான் ஒரு கை வாங்கிவிட்டேன். கடைத்தெரு ரேடியோக்காரரிடம் பழையது ஒன்று வந்திருந்தது. உங்களுடையதைப் போலவே, அதே கம்பெனி, அதே நீளம். கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கிற கார்ட்ரிட்ஜும் ஊசியும் மட்டும் புதிது. “சார் வரட்டும்மா, அவரே மாட்டிக்குவாரு” என்றார். “சார் வரமாட்டாரு, நான்தான் மாட்டப்போறேன்” என்றேன். ரயில் எஞ்சினை ஓட்டப்போகிறேன் என்று சொன்னதுபோல மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எட்டு மாதமாகக் கையில்லாத அந்தப் பிளேயர் கூடத்தில் கிடக்கிறது. அத்தை அதன் மேல் மருந்து டப்பா வைக்க ஆரம்பித்துவிட்டார். மகன் போன பிறகும் மருமகளோடுதான் இருப்பேன் என்று உங்கள் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது ஞாபகம் இருக்கும். அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில், மாற்றல் வாங்கிக்கொண்டு போன ஊரிலேயே நிரந்தரமாக இருந்துவிட மனுக் கொடுக்கப்போவதாகவும், மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி நாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தைக்குக் கண் சரியில்லை. நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். எனக்குச் சொல்லாத விஷயத்தை என் வாயாலேயே படிக்கவைத்தீர்கள். நன்றாக இருக்கிறது.

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. உங்கள் மேலதிகாரியும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டுக்காரரும், என் முதலாளியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் உறை ரெக்கார்டின் கடைசிப் பாட்டு வழக்கம்போலக் கரகரத்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே, “என்ன பண்றது சார், குரங்கு கையில பூமாலை. இவ தொட்டு ஒரு ரெக்கார்டு உருப்பட்டதில்ல” என்றீர்கள். பல் செட் செய்கிற கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிற கை இது. அந்தக் கையை நம்பிச் சம்பளம் கொடுக்கிற அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் கையாலேயே இதை மாட்டி, கடைசிப் பாட்டு வரை கேட்கப்போகிறேன். எனக்கு வேண்டியது இரண்டு விவரம்தான். நாலு கம்பியில் எந்த நிறம் எங்கே போக வேண்டும்? கையை நிறுத்தப் பலகையில் நீங்கள் போட்ட பழைய ஓட்டையையே பயன்படுத்தலாமா? பதில் எழுதுங்கள். வர வேண்டாம்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 11

வீட்டில் இருப்பவளுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

முதலில் சொல்லிவிடுகிறேன், தொடாதே. அது பல் இல்லை, பிடித்து அமுக்கினால் உட்காருவதற்கு. கையின் அச்சு ஒரு நூல் பிசகினால் ஊசி ரெக்கார்டை உழுதுவிடும். ஏப்ரலில் எனக்கு நாலு நாள் விடுப்பு வரும். அதுவரை பொறுத்தால் குடி முழுகிப்போகாது.

நீ பொறுக்கமாட்டாய் என்றும் தெரியும். அதனால் எழுதுகிறேன். சிவப்பு வலது பக்கம், அதற்குத் துணை பச்சை. வெள்ளை இடது பக்கம், அதற்குத் துணை நீலம். ஓட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தட்டின் நடுவில் ரெக்கார்டு மாட்டுகிற முளை இருக்கிறதல்லவா, அதிலிருந்து கையின் அச்சுக்கு 222 மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்து போட்ட ஓட்டை அது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். நிலம் அளக்கிறவன் வீட்டில் அளவு பற்றிச் சந்தேகம் வந்ததே அதிசயம்.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே அளவுச் சங்கிலி பிடிக்கப் புதிதாக ஒரு சங்கிலிக்காரர் வந்திருக்கிறார். எல்லைக் கல்லின் விளிம்பில் சங்கிலியை வைத்து அளந்துவிட்டார். கல்லின் தலையில் புள்ளி வெட்டியிருப்பது எதற்கு? அந்தப் புள்ளியிலிருந்து அல்லவா அளக்க வேண்டும்? பாதிக் கல்லின் கனம் பிசகி, ஒருவர் கிணற்று மேடு அடுத்தவர் நிலத்துக்குள் போய், இரண்டு குடும்பம் மண்வெட்டியோடு வந்து நின்றது. எல்லோர் எதிரிலும் அவரைக் கிழித்துவிட்டேன். அடிப்படையே தெரியாதவர்களை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறது.

மனு விஷயம் உண்மைதான். படிவம் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு, நான்


பிப்ரவரி 19

கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னவருக்கு,

அத்தையின் முழங்கால் நன்றாக இருக்கிறது. தினமும் மாடி ஏறி இறங்குகிறார். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். “முழங்கால் கிடக்கட்டும், அவன் மூளை எப்படி இருக்குன்னு கேளு” என்றார். கேட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்துகொண்டுதான் மாட்டினேன். பல் கூடத்திலிருந்து என் சாமான்களைக் கொண்டுவந்தேன். கம்பி பிடிக்க வளைந்த இடுக்கி. ஊசியின் அடிப்பக்கம் பார்க்க, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. தங்கம் நிறுக்கிற கிராம் தராசு. நாலு கம்பியும் ஒரே மூச்சில் ஏறிவிட்டன. பின்னால் இருக்கிற எடையைத் திருகித் திருகி முதலில் கை தராசு முள் மாதிரி தானாக மிதக்கும்படி நிறுத்தினேன். பிறகு கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, ஊசியைத் தராசுத் தட்டில் வைத்தேன். கார்ட்ரிட்ஜோடு வந்த காகிதத்தில் சொன்னபடி இரண்டு கிராம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீங்கள் இதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, “ம், சரியா இருக்கு” என்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

மாலை ஆறு மணிக்கு மஞ்சள் உறை ரெக்கார்டைப் போட்டேன். முதல் பாட்டு வந்ததும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எட்டு மாதம் இந்த வீட்டில் மிக்ஸி சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்டதில்லை. இரண்டாவது, மூன்றாவது பாட்டு எல்லாம் கண்ணாடி மாதிரி.

கடைசிப் பாட்டு கரகரத்தது. பாடுகிறவள் உச்சிக்குப் போகும்போது தொண்டையில் மணல் விழுந்தது போல. அதே இடம், அதே சத்தம்.

இரண்டாவது முறை போட்டேன். அதேதான். ஊசியைத் துடைத்துப் போட்டேன். அதேதான். உங்களிடம் இதை மறைத்திருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை.

உங்கள் மனைவி


பிப்ரவரி 25

வீட்டில் இருப்பவளுக்கு,

நான் சொன்னது இப்போது தெரிகிறதா? கை புதிது, ஊசி புதிது, ஆனால் பாட்டு அதேபோல் கரகரக்கிறது. அப்படியானால் கெட்டுப்போனது எது? ரெக்கார்டு. ஒன்பது வருடமாக அதை எடுத்து வைத்துத் துடைத்தது யார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டியதில் குறை சொல்லமாட்டேன். இரண்டு கிராம் சரியான எடைதான்.

படிவத்தில் பெயரும் பதவியும் எழுதியாயிற்று. கையெழுத்துதான் பாக்கி.

இப்படிக்கு, நான்


மார்ச் 6

கூடம் கோணல் இல்லை என்றவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். இதையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். ஒரு பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேறு இடத்தில் செய்த பல் செட். முன்பக்கம் கச்சிதமாக இருக்கிறது, கடைவாயில் மட்டும் வலி. அவர் சரியாகக் கடிப்பதில்லை என்று செய்தவர் சொல்லி அனுப்பிவிட்டாராம். கடி படுகிற இடத்தில் மை ஒட்டுகிற கறுப்புக் காகிதத்தைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். கடைவாய்ப் பக்கம் மட்டும் கறுத்த புள்ளி விழுந்தது. பெரியவர் கடித்ததில் ஒரு தப்பும் இல்லை. அச்சு எடுத்த அளவில்தான் தப்பு. கறுத்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே போனார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். முன்பக்கம் கச்சிதம், கடைசியில் மட்டும் வலி. நம் ரெக்கார்டும் அப்படித்தானே? நான் துடைத்துக் கெடுத்திருந்தால் முதல் பாட்டும் அல்லவா கெட்டிருக்கும்? இந்த வீட்டில் எந்த ரெக்கார்டை எடுத்தாலும் கரகரப்பது கடைசிப் பாட்டுதான். என் கை என்ன, கடைசிப் பாட்டை மட்டும் தேடிப்போய்த் தடவுமா?

வீட்டுக்கு வந்து, கையோடு வந்த கோடு போட்ட அட்டையைத் தட்டில் வைத்தேன். வெளிப்பக்கம் ஒரு புள்ளி, உள்பக்கம் ஒரு புள்ளி. இரண்டிலும் ஊசி சரியாக உட்கார வேண்டும், கார்ட்ரிட்ஜ் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். ஊசி எட்டவில்லை. வெளிப்பக்கம் கோணல் கொஞ்சம்தான். உள்பக்கம், கடைசிப் பாட்டு வருகிற இடத்தில், கண்ணாடி வைத்துப் பார்க்கத் தேவையே இல்லாமல் கார்ட்ரிட்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கையில் கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தவும் இடமில்லை.

அளந்தேன். முளையின் நடுவிலிருந்து உங்கள் ஓட்டையின் நடுவுக்கு 225 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு அரை. 222 இல்லை. நீங்கள் மூன்று தடவை என்றீர்கள், நான் ஏழு தடவை அளந்தேன்.

மூன்றரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் சொன்னார். “அவன் அளந்தப்ப நான்தானே டார்ச் பிடிச்சேன். இரும்பு ஸ்கேல அந்த முளையில கொண்டுபோய் முட்ட வெச்சான். முட்ட வெச்சா ஆடாதும்மான்னு எனக்குப் பாடம் வேற எடுத்தான்.”

முளையின் கனம் ஏழு மில்லிமீட்டர். பாதி மூன்றரை. நீங்கள் முளையின் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறீர்கள்.

உங்கள் பிப்ரவரி பதினொன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்து, அந்தச் சங்கிலிக்காரரைப் பற்றி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். எல்லோர் எதிரிலும் கிழித்தீர்களாமே.

கூடம் கோணல்தான். அளந்து பார்த்துவிட்டேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பலகையில் புது ஓட்டை போடப்போகிறேன்.

உங்கள் மனைவி


மார்ச் 11

ஓட்டை போடாதே. அவசரத்தில் எழுதுகிறேன். அந்தப் பலகை இனிக் கிடைக்காது. பழைய ஓட்டைக்கு மூன்றரை மில்லிமீட்டர் பக்கத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் ஒன்றாகிப் பலகை வீணாகும், அப்புறம் எந்தக் கையும் அதில் நிற்காது. ரேடியோக்காரரின் ஸ்கேல் தேய்ந்ததாக இருக்கும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ நினைத்துக்கொண்டு எதையோ சொல்லுவார். ஏப்ரலில் நான் வந்து பார்க்கிறேன். அதுவரை தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.


மார்ச் 17

கெஞ்சிக் கேட்டவருக்கு,

போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே போட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். இல்லை. கடிதம் சனிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை போட்டேன். ஸ்கேல் ரேடியோக்காரருடையது இல்லை, நம் வீட்டுடையது. உங்களுடைய அதே இரும்பு ஸ்கேல்.

இரண்டு ஓட்டையும் ஒன்றாகிவிடும் என்று நீங்கள் சொன்னது நியாயம். அதை நானும் யோசித்திருந்தேன். பழைய ஓட்டைக்குச் சரியாக ஒரு மரக் கட்டை சீவி, பசை தடவி அறைந்து, மூன்று நாள் காயவிட்டேன். சொத்தைப் பல்லை அடைக்கிற வேலைதானே, நமக்குப் புதிதா? பிறகு பலகையின் மேல் தாள் ஒட்டி, நடுவிலிருந்து நடுவுக்கு 222 குறித்தேன். அத்தை டார்ச் பிடித்தார், வலது பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்ததை இடது பக்கத்திலிருந்தும் சரிபார்த்தேன். துளைத்து முடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை மாட்டினேன்.

அட்டையை வைத்தேன். வெளிப்புள்ளியில் ஊசி உட்கார்ந்தது. உள்புள்ளியிலும் உட்கார்ந்தது. கார்ட்ரிட்ஜ் கோட்டோடு கோடாக நின்றது. அத்தை பிளேயர் பக்கத்திலேயே வைத்திருந்த மருந்து டப்பாவை எடுத்துச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கடைசிப் பாட்டைப் போட்டேன். அவள் உச்சிக்குப் போனாள், இறங்கினாள். மணல் இல்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த இடத்தில் ஒரு வீணை பின்னால் ஓடுகிறது, உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது வருடமாக நமக்குக் கேட்டதே இல்லை.

கேட்டு முடித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடமும் உங்கள் பேச்சை நம்பி நானும் என் கையைச் சந்தேகப்பட்டேன். ரெக்கார்டை எடுக்குமுன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். அப்படியும் கரகரத்தால், நமக்கு அவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு யார் பதில் சொல்வது?

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினால் எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவேன். நாலு பேர் எதிரில் சொன்னதை நாலு பேரிடமும் திருத்துங்கள். அதற்குப் பிறகு மனுவில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். இந்த வீட்டில் பாட்டு நிற்காது.

உங்கள் மனைவி


மார்ச் 24

பலகையைக் காப்பாற்றியவளுக்கு,

உன் ஆறாம் தேதிக் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது: ‘ஸ்கேலை முளையில் முட்டவைத்து 222.’ அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் உனக்கு ஓட்டை போடாதே என்று எழுதினேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று எழுதினேனே, அதுதான் நான் எழுதியதிலேயே கேவலமான வரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பிய அன்றைக்குக் கோபத்தில் நீ, “நான் கெடுத்துடுவேன்னு அவ்வளவு பயமா இருந்தா அந்தக் கையையும் எடுத்துட்டுப் போங்க” என்றாய். நான் திருகைக் கழற்ற ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் கழற்றினேன். ஒவ்வொரு திருகுக்கும் நீ “விடுங்க” என்று சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ பேசாமல் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். கடைசித் திருகும் வந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பெட்டியில் வைத்தேன். இங்கே அது என் மேசையில், சட்டை மாட்டக்கூட உதவாமல் கிடக்கிறது.

நேற்று முன்தினம் கீழே இருப்பதை எழுதி நாலு பிரதி எடுத்து, நாலு பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

‘அளவுத் திருத்தம். சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் வீட்டுக் கூடத்தில், தங்கள் முன்னிலையில், ரெக்கார்டுகள் கெட்டதற்கு என் மனைவியின் கையே காரணம் என்று கூறியிருந்தேன். மறு அளவையில் அது தவறு என்று தெரியவந்துள்ளது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முளையின் நடுவிலிருந்து அளக்காமல் விளிம்பிலிருந்து அளந்ததால் மூன்றரை மில்லிமீட்டர் பிழை ஏற்பட்டது. பிழை முழுவதும் அளந்தவருடையது. அதைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் என் மனைவியின் கை. அன்று குறிப்பிடப்பட்ட குரங்கு கீழே கையொப்பமிட்டிருக்கிறது.’

சங்கிலிக்காரரையும் கூப்பிட்டு, மற்றவர்கள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் பயந்துபோய், “ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிவரை நேரம். கையெழுத்துப் போட மனமில்லை. கிழித்துவிட்டு வந்து வாசலில் நிற்க முகமும் இல்லை. ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அளந்தவன்


மார்ச் 27

அன்புள்ள குரங்குக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், முப்பதாம் தேதிக்குள் வந்துவிடும்.

என் முதலாளியம்மா உங்கள் திருத்தத்தைப் பல் கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கடைசி வரியில் மெழுகு உருக்குகிறவர் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்கட்டுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தம் பிளேயரையும் ஒருமுறை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு நேற்று வந்து நின்றார். உங்களை அல்ல, என்னை.

ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் மணல் இல்லை என்று எழுதினேன். இருபது தடவை கேட்ட பிறகு தெரிகிறது, ஒரே ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒன்பது வருடம் கோணலாக உழுத பள்ளம், அது போகாது என்று ரேடியோக்காரர் சொல்கிறார். நானும் போகும் என்று சொல்லமாட்டேன். அந்த இடம் வரும்போது நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், வேறு பக்கம் பார்க்கக்கூடாது.

அன்றைக்கு நான் ஏன் “விடுங்க” என்று சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. டார்ச்சை அணைத்திருக்கலாம். அது என் பிழை, எழுதிக்கொள்ளுங்கள்.

படிவத்தைக் கிழித்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய கையையும் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருடையது மிகப் பழசு, அவருக்கு மாட்டிக்கொடுக்கலாம். ஓட்டையை நான் அளந்து நான்தான் போடுவேன்.

நீங்கள் டார்ச் பிடியுங்கள்.

உங்கள் மனைவி